மணற்சாரி நிலத்தில் சோயா: தண்ணீர்த் தவணையே தழைச்சத்துத் தவணை

சோயா சாகுபடியைப் பற்றி நம் நாட்டில் சேர்ந்திருக்கும் பட்டறிவில் பெரும்பங்கு கரிசல் மண்ணிலிருந்து வந்தது. நாட்டின் சோயாப் பரப்பில் மிகப் பெரும்பகுதி மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், ராஜஸ்தான் ஆகிய மூன்று மாநிலங்களில் இருக்கிறது; இப்பயிருக்கான தேசிய ஆராய்ச்சி நிறுவனமும் இந்தூரில்தான். ஜூலை, ஆகஸ்டு மழையில் வயலில் நிற்கும் தண்ணீரை எப்படி வடிப்பது என்பதே அங்கே முதல் கவலை. அகலப் பாத்தியும் அதன் ஓரச் சாலும் அங்கே பரவியது அதனால்தான். மணற்சாரி நிலத்துக்காரருக்கோ தண்ணீர் நிற்கவில்லையே என்பது கவலை. ஆனால் அவர் கைக்கு வந்து சேரும் ஆலோசனை பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தது: வாரம் ஒரு தண்ணீர், அடியுரம் ஒரே தடவை, முப்பதாம் நாள் களை. பயிர் மெலிந்து வெளிறினால் உரம் போதவில்லை என்று முடிவு கட்டி, அடுத்த பட்டத்தில் மூட்டையைக் கூட்டுகிறார். மணற்சாரியில் சோயா விளைச்சல் விழுவதற்கு உரக் குறைவைவிடப் பெரிய காரணம், ஒரு தண்ணீருக்கும் அடுத்த தண்ணீருக்கும் நடுவே இடைவெளி நீள்வதுதான். விதைப்பு முதல் சுழற்சிப் பயிர் வரை மற்ற வேலைகளையெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றியே இந்த அத்தியாயம் அடுக்குகிறது.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். மணல் கலந்த இருமண்பாடு நிலம் ஒரு மீட்டர் ஆழத்தில் பயிருக்குக் கிடைக்கும் நீராக சுமார் 10 செ.மீ. அளவு பிடித்து வைக்கும். வெறும் மணலாக இருந்தால் அது 6, 7 செ.மீ.தான். களி கலந்த இருமண்பாடு 17 செ.மீ. வரை வைத்திருக்கும். சோயாவின் வேரில் பெரும்பகுதி மேல் 45 செ.மீ.க்குள் இருக்கிறது என்று கொண்டால், மணற்சாரியில் கைவசம் உள்ள நீர் 45 மி.மீ. அதில் பாதி தீர்ந்ததுமே பயிர் சிரமப்படத் தொடங்கும் என்பதால், செலவழிக்கக்கூடியது 22 மி.மீ. மட்டும். பூத்துக் காய் பிடிக்கும் பருவத்தில் ஒரு நாளைக்கு 5 மி.மீ.க்குக் குறையாமல் நீர் செலவாகும். ஆக நான்கு நாளில் கையிருப்பு காலி. அதே கணக்கைக் களி நிலத்துக்குப் போட்டால் ஏழெட்டு நாள் வருகிறது. பயிர்ப் பரிந்துரைகளில் காணும் 7 முதல் 10 நாள் இடைவெளி களி நிலத்துக்குச் சரியாகப் பொருந்துவதையும், மணற்சாரியில் ஒவ்வொரு தவணையிலும் பயிரை மூன்று நாளுக்கு மேல் பட்டினி போடுவதையும் இதிலிருந்தே காணலாம். முளைத்த புதிதில் செலவு குறைவு, வேரும் மேலேயே இருக்கிறது. அப்போதும் கணக்கு மூன்று, நான்கு நாளுக்கே வருகிறது. விதைப்பிலிருந்து காய் முற்றும் வரை இடைவெளி ஏறத்தாழ ஒன்றுதான். ஒவ்வொரு தடவையும் விட வேண்டிய அளவுதான் கூடிக்கொண்டே போகிறது.

மூன்று நாள் வாட்டத்தை எத்தனையோ பயிர்கள் தாங்குகின்றன, சோயா மட்டும் தாங்காதா என்று கேட்கலாம். இலையைப் பொறுத்தவரை தாங்கும். மதியம் சோர்ந்து சாயங்காலம் நிமிர்ந்துவிடும். வேரிலுள்ள முண்டுகளின் கதை வேறு. ஒரு டன் சோயா மணியில் மட்டும் 60 கிலோவுக்கு மேல் தழைச்சத்து இருக்கிறது, மணியில் 40 விழுக்காடு புரதம் என்பதால். இந்தத் தேவையில் சராசரியாகப் பாதிக்கு மேல் வேர்முண்டுகளே காற்றிலிருந்து பிடித்துத் தருகின்றன. மண் காயத் தொடங்கும்போது செடியின் மற்ற இயக்கங்கள் குறைவதற்கு முன்பே இந்தத் தழைச்சத்துப் பிடிப்பு குறைந்துவிடுகிறது என்பது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்ப உறுதியான ஒன்று. முண்டுகளில் பெரும்பாலானவை மேல் 15, 20 செ.மீ. மண்ணில் இருக்கின்றன, மணற்சாரியில் முதலில் காய்வதும் அந்த அடுக்குதான். இலை வாடுவதைப் பார்த்து மடை திறப்பவர், முண்டு வேலையை நிறுத்தி ஒன்றிரண்டு நாள் கழிந்த பிறகு திறக்கிறார். ஒரு பட்டத்தில் பத்துத் தடவை இப்படி நடந்தால் இழப்பு தண்ணீர்க் கணக்கில் தெரியாது; வெளிறிய இலையாகவும் சிறுத்த மணியாகவும் தெரியும். அதைப் பார்த்துத்தான் யூரியா மூட்டையைப் பிரிக்கிறார்கள்.

யூரியா போட்டால் என்ன குறை? இலை பச்சையாவது கண்கூடு. ஆனால் மண்ணில் தயார் நிலையில் தழைச்சத்து கிடைக்கும் அளவுக்கு சோயா முண்டு அமைப்பதைக் குறைத்துக்கொள்கிறது. மணற்சாரியில் போட்ட யூரியா நைட்ரேட்டாக மாறி அடுத்த கனமழையிலோ கனத்த பாய்ச்சலிலோ வேருக்குக் கீழே போய்விடும். அப்போது முண்டும் இல்லை, உரமும் இல்லை. பிரேசிலின் அனுபவம் இங்கே கவனிக்கத்தக்கது. உலகின் மிகப் பெரிய சோயா உற்பத்தி நாடான அங்கே, மேற்கு பாகியாவின் மணற்பாங்கான நிலங்கள் உட்பட, சோயா ஏறக்குறைய முழுவதும் தழைச்சத்து உரமின்றி விளைகிறது. யோஹானா டோபரைனர் தொடங்கிவைத்த அந்த ஆராய்ச்சி மரபில், ஆண்டுதோறும் விதையோடு பிராடிரைசோபியம் பாக்டீரியாவைச் சேர்ப்பது அங்கே வழக்கமான வேலையாகிவிட்டது. அதே துறையில் உழைத்த மரியாஞ்செலா ஹுங்க்ரியாவுக்கு 2025ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அவர்கள் மண்ணும் மழையும் நம்முடையவை அல்லதான். ஆனால் மணலில் சோயாவுக்கு மூட்டை மூட்டையாகத் தழைச்சத்து வேண்டும் என்ற வாதத்தை அந்த ஒரு சான்றே தகர்க்கப் போதும். நம் பரிந்துரையிலும் ஏக்கருக்கு 8 கிலோ தழைச்சத்துதான், அதுவும் முண்டு அமையும் வரை நாற்றைத் தாங்குவதற்காக.

முண்டு வேலை செய்கிறதா என்பதை ஆய்வகம் இல்லாமலே பார்க்கலாம். விதைத்த 30 நாள் அளவில், தண்ணீர் விட்ட மறுநாள், வயலின் நான்கைந்து இடங்களில் செடியைப் பிடித்து இழுக்காமல் மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்து எடுத்து, வாளித் தண்ணீரில் மெல்ல அலச வேண்டும். இழுத்தால் முண்டு மண்ணிலேயே தங்கிவிடும். ஒன்றுமில்லை என்று தவறாக எண்ண நேரும். முண்டை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாகவோ இரத்தச் சிவப்பாகவோ இருந்தால் அது உழைக்கிறது. வெள்ளை என்றால் இன்னும் தொடங்கவில்லை. பச்சையோ பழுப்போ ஓடியிருந்தால் அதன் காலம் முடிந்தது. ஆணிவேரின் மேல்பகுதியைச் சுற்றிச் சிவந்த முண்டுகள் நெருக்கமாக இருந்தால் யூரியாவை மறந்துவிடலாம். முண்டே இல்லாத வயலில் மட்டும், தவறவிட்ட பயிரைக் காப்பாற்றும் முறையாக, யூரியாவை இரண்டு மூன்று சிறு பங்காகப் பிரித்து இடுவதை நான் ஏற்பேன். அதைப் பழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது.

முண்டு அமையாமல் போவதற்கு மணற்சாரியில் ஒரு தனிக் காரணம் உண்டு. இத்தகைய நிலங்களில் வழக்கமாக நிலக்கடலையும் தட்டைப்பயறும் விளைந்திருக்கும். அவற்றுக்கு முண்டு தரும் பாக்டீரியா பெரும்பாலும் சோயாவுக்கு உதவுவதில்லை. சோயாவுக்கு உரியதை விதையோடுதான் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோனதும் வெயிலில் செத்துவிடக் கூடாது. கோடைப் பிற்பகலில் மூடாக்கில்லாத மணலின் மேற்பரப்பு 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பாக்டீரியா 40 டிகிரியிலேயே தள்ளாடும். ஆறிய அரிசிக் கஞ்சியில் பாக்டீரியாப் பொட்டலத்தைக் கலந்து விதையில் பூசி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, சாயங்காலத்தில் ஈர மண்ணில் விதைத்து, உடனே தண்ணீர் விடுவதுதான் முறை. ஹெக்டேருக்கு 3 பொட்டலம் என்பது பரிந்துரை. முதல் முறையாக சோயா ஏறும் மணல் நிலத்தில் அதை இரட்டிப்பாக்குவது மிகச் சிறிய செலவு, அதில் கஞ்சத்தனம் வேண்டாம். பூஞ்சாணக் கொல்லி பூசுவதானால் அதை ஒரு நாள் முன்னதாகவே முடித்துவிட வேண்டும்.

இனி இடைவெளிக்கே வருவோம். நான்கு நாளுக்கு ஒரு தடவை என்றதும் எழும் முதல் ஆட்சேபணை, தண்ணீருக்கு எங்கே போவது என்பது. தவணை கூடுகிறதே தவிர மொத்தத் தண்ணீர் கூடுவதில்லை. பாத்தியில் மடை திறந்துவிட்டால் மணலில் ஒரு பாய்ச்சலுக்கு 50 மி.மீ.க்குக் குறைந்து நிறுத்துவது கடினம். வேர் அடுக்கில் தங்குவது 22 மி.மீ.தான், மீதி சாம்பல் சத்தையும் கந்தகத்தையும் போரானையும் கூட்டிக்கொண்டு கீழே இறங்குகிறது. ஒரு ஏக்கருக்கு 20 மி.மீ. என்றால் சுமார் 81,000 லிட்டர். நொடிக்கு 5 லிட்டர் தரும் மோட்டாருக்கு நாலரை மணி நேர வேலை. அந்த அளவை ஏக்கர் முழுதும் சமமாகப் பரப்ப முடியுமா என்பதே உண்மையான சிக்கல். நீளப் பாத்தியில் முடியாது. தலைமாட்டில் மண் குடித்துக்கொண்டே இருக்கும், கடைமடை காயும். பாத்தியைப் பாதியாகக் குறுக்கினால் ஓரளவு தேறும். ரெயின் ஹோஸ், தெளிப்பு நீர், சொட்டு நீர் ஆகியவை மணற்சாரியில் ஆடம்பரமல்ல. அவற்றில் ஒன்று இல்லாமல் சோயாவைத் தொடங்காதீர்கள் என்றுகூடச் சொல்வேன். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு நுண்ணீர்ப் பாசனத்துக்கு 100 விழுக்காடும் மற்றவர்களுக்கு 75 விழுக்காடும் மானியம் உண்டு. சொட்டு நீர் போடுபவர் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: மணலில் ஈரம் பக்கவாட்டில் அதிகம் பரவாது, நேராகக் கீழே இறங்கும். பக்கக் குழாயை 60 செ.மீ.க்கு ஒன்றாக, இரண்டு வரிசைக்கு ஒரு குழாய் என்ற கணக்கில் போட வேண்டும். குழாய் மிச்சம் பிடிக்க 120 செ.மீ. இடைவெளி விட்டால் ஓர வரிசைகள் வறண்டு நிற்கும்.

அடுத்த ஆட்சேபணை இதைவிட ஆழமானது. அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் காட்டினால் வேர் மேலேயே படர்ந்துவிடும், கனமாக விட்டு நாள் தள்ளினால்தான் வேர் ஆழம் போகும் என்பது பழைய விவசாயிகள் சொல்வது. களி நிலத்தில் அது உண்மை. கனமாக விட்டது அங்கே ஆழத்தில் காத்திருக்கும். மணலில் காத்திருப்பதற்கு ஒன்றும் இல்லை. வேரை ஆழத்துக்கு அனுப்ப வேண்டுமென்றால் தடையை நீக்க வேண்டுமே தவிர, மேலே பட்டினி போட்டுப் பயனில்லை. இதற்கு ஒரு கம்பி போதும். நல்ல மழைக்கு மறுநாள் ஒரு இரும்புக் கம்பியை நிலத்தில் அழுத்திப் பார்க்க வேண்டும். ஒரு சாண் இறங்கி முட்டி நின்றால், உழவுக்கு அடியில் கடினத் தட்டு இருக்கிறது. மணற்பாங்கான செம்மண்ணில் இது சாதாரணம். உளிக்கலப்பையால் அரை மீட்டர் இடைவெளியில் 40 செ.மீ. ஆழத்துக்கு, குறுக்கும் நெடுக்குமாக, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கீறிவிட்டு ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் இட்டால் வேர் வழி காணும். கம்பி எங்கும் முட்டாமல் முழங்கை அளவுக்கு மேல் இறங்கினால் நிலைமை நேரெதிர்: அது தண்ணீர் நிற்காத தளர் மணல். அதற்குப் பரிந்துரைக்கப்படுவது இறுக்குவதே. 400 கிலோ எடையுள்ள கல் உருளையை, இல்லையென்றால் மணலோ கல்லோ நிரப்பிய தார் டிரம்மை, சரியான ஈரத்தில் எட்டுப் பத்துத் தடவை உருட்டினால் நீர் வடியும் வேகம் குறையும். எந்த நிலத்துக்கு எது என்று பாராமல் பக்கத்து வயல்காரர் செய்ததைச் செய்வது பணத்தை இரண்டு விதத்திலும் வீணாக்கும்.

தண்ணீர் எப்போது என்பதற்கு நாட்காட்டியை மட்டும் நம்ப வேண்டியதில்லை. ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துத் திறந்தால், மணல் கலந்த இருமண்பாட்டில் பாதிக்கு மேல் ஈரம் உள்ளவரை தளர்ந்த உருண்டையாக நிற்கும். திறந்ததும் உதிர்ந்தால் அன்றைக்கே மடை திறக்க வேண்டும். கிணறு குறைந்து எல்லாத் தவணைக்கும் போதவில்லை என்ற நிலை வந்தால் எதை விட்டுக்கொடுப்பது? சோயா இயல்பாகவே பூவில் பெரும்பங்கை உதிர்க்கும் செடி. பூக்கும் காலத்தில் சில நாள் வாடினாலும் பின்னால் வரும் பூக்கள் ஓரளவு ஈடுகட்டும். காய்க்குள் மணி திரளும்போது வாடினால் ஈடுகட்ட ஒன்றும் மிச்சமில்லை. ஆகவே கடைசித் தண்ணீரை மணி திரளும் பருவத்துக்கு ஒதுக்கி வைக்க வேண்டும். பட்டத் தேர்வும் இதே கணக்கில் நிற்கிறது. மாசிப் பட்டத்தில் மணி திரள்வது உச்ச வெயிலில். மணற்சாரியில் அது மிகவும் செலவு பிடிக்கும் பட்டம். ஆடியில் விதைத்தால் புரட்டாசியை ஒட்டிய மழையும், புரட்டாசியில் விதைத்தால் வடகிழக்குப் பருவமழையும் துணைக்கு வரும். கிணறே இல்லாத மானாவாரி மணலில் எந்தப் பட்டத்திலும் சோயா வேண்டாம்.

விதைப்பில் நிற்க வேண்டிய எண்ணிக்கையை விட்டுக்கொடுக்கக் கூடாது. சோயா பகல் நீளத்துக்குக் கட்டுப்பட்ட செடி. தமிழ்நாட்டின் குறுகிய பகலில் சீக்கிரம் பூத்துவிடும், செடி பெரிதாக வளராது. மணற்சாரியில் இன்னும் சிறுத்திருக்கும். சிறு செடிகள் வரிசைக்கு நடுவே உள்ள மண்ணை மூடாவிட்டால் வெயில் நேரே மணலில் விழும். 30 செ.மீ.க்கு 10 செ.மீ. என்ற இடைவெளியில் சதுர மீட்டருக்கு 33 செடி வரும். வரிசையில் ஒரு மீட்டருக்குப் பத்துச் செடி எண்ண முடிய வேண்டும். பரிந்துரை அளவான ஹெக்டேருக்கு 60 முதல் 80 கிலோ விதையைப் பலர் அதிகம் என்று நினைக்கிறார்கள். சோயா விதை சேமிப்பில் முளைப்புத் திறனை வேகமாக இழக்கும். சான்று விதைக்கே குறைந்தபட்ச முளைப்பு 70 விழுக்காடுதான். ஈரச் சாக்கில் நூறு விதையைச் சுருட்டி ஐந்தாறு நாள் கழித்து எண்ணிப் பார்த்துவிட்டு விதை அளவை முடிவு செய்வது நல்லது. செம்மணலில் இன்னொரு தொல்லை, மழைக்குப் பின் மேல்மண் ஓடுபோல் இறுகுவது. சோயா தன் பருப்பு இரண்டையும் தலையில் சுமந்துகொண்டு கழுத்தை வளைத்து மேலே வரும் செடி. ஓடு தடுத்தால் கழுத்து முறிந்துவிடும். 3 செ.மீ. ஆழத்துக்கு மேல் போகாமல் விதைத்து, முளை வெளிவரும்வரை லேசான உயிர்த் தண்ணீரால் மேல்மண்ணை இளக்கமாக வைத்திருக்க வேண்டும்.

உரத்தில் எல்லாவற்றையும் பிரித்து இட வேண்டுமா என்றால், இல்லை. மணிச்சத்து மணலிலும் அவ்வளவாக இடம்பெயராது. ஏக்கருக்கு 32 கிலோவை அடியுரமாகவே கொடுத்துவிடலாம். அதை சூப்பர் பாஸ்பேட்டாகக் கொடுத்தால் 4 மூட்டை, அதாவது 200 கிலோ. அதிலேயே 20 கிலோவுக்கு மேல் கந்தகம் வந்துவிடுகிறது. பரிந்துரைப்படி ஏக்கருக்கு வேண்டிய கந்தகம் 16 கிலோதான். டிஏபியாகக் கொடுத்தால் 70 கிலோவில் மணிச்சத்துத் தேவை தீரும், ஆனால் கந்தகம் இல்லை. தழைச்சத்தும் தேவைக்கு மேல் 12 கிலோவாகிவிடும். டிஏபி போடுபவர் ஏக்கருக்கு 90 கிலோ ஜிப்சத்தைத் தவிர்க்க முடியாது. சோயாவுக்கு சூப்பரே ஏற்றது என்பது என் கருத்து, சுமக்கும் கூலி கூடினாலும். சாம்பல் சத்துதான் பிரிக்க வேண்டிய உரம். களி குறைந்த மண்ணில் அதைப் பிடித்துக்கொள்ள இடம் குறைவு. ஏக்கருக்கு 27 கிலோ பொட்டாஷில் பாதியை அடியிலும் மீதியைப் பூக்கும் தறுவாயிலும் இட்டால், நடுவில் ஒரு பெருமழை வந்தாலும் பாதியாவது தப்பும். ஆள் கூலி கூடும் என்பவர் இந்த மேலுரத்தைக் களை எடுக்கும் நாளோடு சேர்த்துக்கொள்ளலாம். சொட்டு நீர் இருந்தால் கூலியே இல்லை. பூக்கும்போதும் 15 நாள் கழித்தும் 2 விழுக்காடு டிஏபி கரைசல் தெளிப்பது மண்ணைத் தொடாமல் சத்து சேர்க்கும் வழி. ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை சூப்பரோடு கலக்காமல் தனியே மணலில் கலந்து தூவ வேண்டும்.

சுண்ணாம்பில் ஒரு எச்சரிக்கை. புளிப்பு மண்ணில் சுண்ணாம்பு முண்டுக்கு நல்லது, மாலிப்டினத்தையும் கிடைக்கச் செய்யும். ஆனால் மணலில் தாங்கும் சக்தி குறைவு; களி நிலத்துக்குச் சொன்ன அளவை இங்கே இட்டால் கார அமிலநிலை ஒரேயடியாக ஏறி, மாங்கனீசு பயிருக்கு எட்டாமல் போகும். அமெரிக்காவின் தென்கிழக்குக் கடலோரச் சமவெளி மணலில் சோயாவுக்கு மாங்கனீசுப் பற்றாக்குறை வந்ததற்கு மிகைச் சுண்ணாம்பு ஒரு முக்கியக் காரணம். இளம் இலையில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி வெளிறியும் இருந்தால், 0.5 விழுக்காடு மாங்கனீசு சல்பேட் தெளித்துப் பார்க்கலாம். மண் பரிசோதனைத் தாள் கையில் இல்லாமல் சுண்ணாம்பு மூட்டையைத் தொட வேண்டாம்.

இவ்வளவு தவணைப் பிடிப்பும் மணலின் குறையைச் சமாளிப்பதுதான், குறையை நீக்குவதல்ல என்று ஒருவர் சொன்னால் அதை மறுக்க முடியாது. குறையை நீக்கும் வழிகள் மெதுவானவை. ஏரி வண்டல் ஹெக்டேருக்கு 100 டன் என்கிறார்கள். 15 செ.மீ. ஆழ மண்ணின் எடையே ஹெக்டேருக்கு 2,250 டன் அளவில் இருப்பதால், 100 டன் என்பது அதில் 4 விழுக்காட்டைச் சற்றுத் தாண்டும். வண்டலில் பாதி களி என்றால் நிலத்தில் களி 2 விழுக்காடுதான் உயரும். ஒரே ஆண்டில் நிலம் மாறிவிடும் என்று நம்பி லாரி வாடகைக்குக் கடன் வாங்க வேண்டாம். ஏரி பக்கத்தில் இருந்து, எடுக்க அனுமதியும் கிடைத்தால் ஆண்டுக்குக் கொஞ்சமாகச் சேர்க்கலாம். மக்குப் பொருளைப் பற்றியும் ஒரு அவநம்பிக்கை உண்டு: நம் வெயிலில் போட்டது எல்லாம் எரிந்துபோகிறது, எதற்குப் போடுவது? எரிவது உண்மைதான். ஆனால் மூடாக்கின் பயன் அது மக்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. மணலின் சூட்டையும் ஈர இழப்பையும் அன்றைக்கே குறைக்கிறது. பிரேசில் மணலில் பிராக்கியேரியா புல்லை வளர்த்து மடக்கி அதன் மேலேயே சோயா விதைக்கிறார்கள். நமக்கு வைக்கோல் மாட்டுக்கே போதாது; கரும்புச் சோகை, நிலக்கடலைத் தொலி, மக்கிய தென்னை நார்க்கழிவு, விதை பிடிக்காத களை என்று கிடைப்பதைக் கொண்டு வரிசை இடுக்கை மூடலாம். மக்காத நார்க்கழிவு மட்டும் வேண்டாம், மண்ணிலுள்ள தழைச்சத்தை அது இழுத்துக்கொள்ளும்.

களையில் மணலுக்கென்று ஒரே செய்தி: மருந்து இங்கே கீழே இறங்கும். மெட்ரிபூசின் மக்குப் பொருள் குறைந்த மணலில் சோயாவின் வேருக்கே எட்டி நாற்றைக் கருக்கும். அதைத் தவிர்க்க வேண்டும். பெண்டிமெத்தலின் தெளித்தாலும் உடனே கனமாகத் தண்ணீர் விடக் கூடாது. முதல் 30 நாளில் ஒரு கைக்களை, தேவையானால் இன்னொன்று. அதற்குள் இலை மூடிவிட்டால் வேலை முடிந்தது. வெள்ளை ஈயும் அது பரப்பும் மஞ்சள் தேமலும் எந்த மண்ணிலும் வருபவை, அவற்றுக்குத் தனி அத்தியாயம் இருக்கிறது.

மணலுக்கே உரிய பகை நூற்புழு. தளர்ந்த மண்ணில் அது எளிதாக நகர்ந்து வேரைத் துளைக்கும். புழு தாக்கிய வேரின் வீக்கத்தைப் பார்த்து முண்டு நன்றாகப் பிடித்திருக்கிறது என்று மகிழ்ந்து போகிறவர்கள் உண்டு. விரலால் தள்ளினால் வேறுபாடு தெரிந்துவிடும். முண்டு வேரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருப்பது, தள்ளினால் கழன்று விழும். புழுவின் வீக்கம் வேரே தடித்தது, வேரை முறிக்காமல் பிரியாது. முப்பதாம் நாள் முண்டு பார்க்கும்போதே இதையும் பார்த்துவிட வேண்டும். கத்தரி, தக்காளி, வெண்டை போட்ட மணலில் உடனே சோயா ஏற்றினால் புழுவுக்கு விருந்து வைத்ததாகும். கம்பு, சோளம் சுழற்சியில் வரட்டும். நடுவில் 45 நாள் சணப்பு விதைத்து மடக்கி உழுதால் புழுவும் குறையும், மணலுக்கு மக்கும் கிடைக்கும். ஹெக்டேருக்கு 250 கிலோ வேப்பம் புண்ணாக்கு இதற்குத் துணை செய்யும்.

இத்தனை பாடு படுவதற்கு நிலக்கடலையே போட்டுவிடலாமே என்ற கேள்வி கடைசியாக வரும், நியாயமானதும்கூட. கம்பி முட்டாமல் இறங்கும் தளர் மணலில், நுண்ணீர்ப் பாசனம் இல்லாத நிலையில், நிலக்கடலைதான் சரி. மணல் கலந்த இருமண்பாடும், அடியில் கொஞ்சம் களியும், நான்கு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் காட்டும் வசதியும் உள்ள இடத்தில் கதை மாறுகிறது. கோ (சோயா) 3 போன்ற 85, 90 நாள் ரகம் இரு பயிர்களுக்கு இடையே அடங்கும். நாமக்கல் வட்டாரக் கோழிப் பண்ணைகளுக்கு சோயாப் புண்ணாக்கு இல்லாமல் தீவனம் இல்லை, அதன் பெரும்பங்கு வட மாநிலங்களிலிருந்து வருகிறது. ஆனால் விற்கும் வழியை விதைப்பதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். நிலக்கடலையைப் போல எந்தச் சந்தையிலும் கொட்டி விற்கும் பொருளாக சோயா இங்கே இன்னும் ஆகவில்லை. முதல் பட்டத்தில் அரை ஏக்கருக்கு மேல் வேண்டாம்.

இலை மஞ்சளித்துக் கொட்டி, காய் பழுத்ததும் அறுவடை. மணலில் செடி கையோடு வந்துவிடும் என்பதால் பிடுங்குவது வழக்கம். அப்படிச் செய்யாமல் அரிவாளால் தரையை ஒட்டி அறுத்தால் வேரும் முண்டும் உதிர்ந்த இலையும் நிலத்திலேயே தங்கும், மணியிலும் மண் கலக்காது. அறுப்பைக் காலையில் வைத்துக்கொண்டால் காய் வெடிப்பது குறையும். விதைக்கு ஒதுக்குவதைத் தடியால் அடிக்காமல் மெல்லத் தட்டி எடுக்க வேண்டும். சோயாவின் தோல் மெல்லியது, உள்ளே பட்ட அடி வெளியே தெரியாமல் அடுத்த பட்டத்தின் முளைப்பில்தான் தெரியும். நிலத்தில் ஈரம் மிச்சமிருந்தால் ஒரு உழவோடு கம்பையோ சோளத்தையோ விதைத்துவிடலாம்.